ஐம்பது பாகம்

வளையலுக்கு ஆகாதவை என்று
ஏலத்தில் ஒதுக்கிய சங்குகள்,
புழு துளைத்தவை, வாய் உடைந்தவை,
கீழக்கரைக் கிட்டங்கியிலிருந்து
சிமெண்டுச் சாக்கில் வந்து இறங்கின.
கொண்டுவந்த ஹபீப் நெய்னா
வண்டியை அணைக்காமலே கேட்டார்:
"சுண்ணாம்புக்கா?"

இல்லை என்றேன்.
காய்ந்த தீயில் சுட்டால்தான் சுண்ணாம்பு.
நான் சுடப்போவது தண்ணீரில்.

சங்கு குளிக்கிறவர் அவர்.
நான் முதுகுளத்தூர்க்காரி, நீச்சல் தெரியாது.
இந்த முறை குளிக்கப்போவது
சங்கு.

நக அளவுக்கு அறுத்தேன்.
பாஸ்பேட் உப்பு கரைத்து
அமோனியா சொட்டுச் சொட்டாய், கண் எரிய.
டெஃப்லான் கிண்ணம், அதன்மேல் எஃகுக் கூடு,
இரண்டு கையாலும் முறுக்கி ஒரு திருகு.
நூறு மில்லி கொள்ளும் கிண்ணத்தில்
எழுபதுதான் ஊற்றுவேன்.
விளிம்புவரை ஊற்றிய ஒருவனின் அடுப்புக் கதவு
இன்னும் எங்கள் வராந்தாவில் நிற்கிறது
முன்பக்கம் புடைத்து.
துடைப்பத்தை அதில்தான் சாய்த்து வைக்கிறோம்.

நூற்று எண்பது டிகிரி. நாற்பத்தெட்டு மணி நேரம்.

மறுநாள் காலிச் சாக்கு வாங்க வந்தவர்
அடுப்புக் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தார்.
"கொதிக்குதா?"
"கொதிக்க விடவில்லை.
மூடிக்குள் தப்பிக்க இடமில்லாமல்
தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது."
"எவ்வளவு அழுத்தம்?"
"கடலென்றால் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் இருப்பது."
விரலில் கணக்குப் போட்டார்.
"அம்பது பாகம்.
நான் எட்டைத் தாண்டினதில்லை மேடம்,
எட்டிலேயே காதுக்குள்ள ஊசி."
கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்:
"சங்கும் அவ்வளவு ஆழம் பாத்திருக்காது."

பிறகு கைலியை முழங்காலுக்கு உயர்த்தினார்.
பெரியபட்டினத்தில் வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவே
மாட்டிய கால். உள்ளே ஆறு திருகு, ஒரு தகடு.
"எலும்பாத்தான் மாத்துறீங்கன்னு
ஆபீஸ்ல சொன்னாங்க.
எனக்கு ஆகுமா?"
ஆகாது என்று சொல்ல
வாய் வரவில்லை, சொன்னேன்.
முதலில் எலிகள். பிறகு கமிட்டிகள். பிறகு வருடங்கள்.
கைலியை இறக்கிவிட்டு
சாக்குகளை எண்ணி மடித்தார்.

முப்பத்தோராவது மணியில் கரண்டு போனது.
ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும்தான்.
பதிவேட்டில் எழுதினேன்:
ஓட்டம் பதினேழு, ஐம்பது நிமிடம்,
வெப்பம் நூற்று நாற்பதுக்கு இறங்கியது.
கூட்டைத் திறந்து பார்க்க முடியாது.
சூடாக இருக்கும்போது திறப்பவர்கள்
இரண்டாம் முறை திறப்பதில்லை.
ஜன்னலுக்கு வெளியே கடல்
ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.

கடைசியில் கூடு ஆறி
பூனை வயிற்றின் சூட்டுக்கு வந்தது.
திருகு இளகியதும் அமோனியா
பளாரென்று முகத்தில்.
உள்ளே அதே துண்டுகள். அதே வளைவு.
புழு துளைத்த துளைகூட
அதே இடத்தில்.
இதற்கா இரண்டு இரவு என்று நினைத்தேன்.

காரைக்குடிக்கு எக்ஸ்ரேக்கு அனுப்பி
பதினோரு நாள் கழித்து வந்த தாளில்
மலை மலையாய்க் கோடுகள்.
மேல்தோலில் எலும்பின் கோடுகள்.
நடுவில் சங்கு,
பிடிவாதமாய்ச் சங்கு.

ஆனால் நான்கு துண்டுகளில்
எலும்பு நடுவரை போயிருந்தது.
கரண்டு போனதாலா என்று முதலில் சந்தேகப்பட்டேன்.
எல்லாம் ஒரே கிண்ணம், ஒரே இருட்டு.
லென்ஸை எடுத்துப் பார்த்தேன்.
நான்கும் புழு தின்றவை.
அது போட்டுவைத்த வழியில்தான்
தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

ஹபீபுக்குப் போன் போட்டேன்.
பின்னால் இஞ்சின் சத்தம், யாரோ ஏசும் சத்தம்.
"அடுத்த சாக்கில் நல்லது வேண்டாம்.
புழு அரித்ததாகப் பார்த்து அனுப்புங்கள்,
எவ்வளவு அரித்ததோ அவ்வளவு நல்லது."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
இஞ்சின் மட்டும் ஓடியது.
"இதை வெளிய சொல்லிராதீங்க மேடம்," என்றார்.
"இனிமே அது
சும்மா கிடைக்காது."